மார்கழிக்குள் 6 அங்குலக் கண்ணாடி தேய்த்து முடியுமா? கோயில் வாசலில் திருவாதிரையைக் காட்ட ஆசை

பஜனைமடத் தெரு (கேள்வி)

வணக்கம். எங்கள் தெரு மார்கழி பஜனைக் குழுவில் ஏழு பேர். ஒருவர் தச்சர், இரண்டு பேர் பாலிடெக்னிக் மாணவர்கள், மற்றவர்களுக்கு ஆர்வம் மட்டும்தான் கைமுதல். ஆருத்ரா தரிசனத்தன்று விடிகாலை அபிஷேகத்துக்கு வரும் கூட்டத்துக்குக் கோயில் வாசலில் தொலைநோக்கி வைத்துத் திருவாதிரையைக் காட்டலாம் என்று யோசனை. தொலைநோக்கியை வாங்கக் கூடாது, கண்ணாடியிலிருந்து எல்லாமே நம் கையால் ஆக வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். ஆவணியில் ஆரம்பிக்கிறோம்.

என்ன கண்ணாடி, எவ்வளவு தடிமன்? மொத்தம் எத்தனை மணி நேரம் தேய்க்க வேண்டியிருக்கும்? நம் ஊர்ச் சூட்டில் பிட்ச் (பாலிஷ் செய்ய உதவும் தார் போன்ற பிசின்) இளகிவிடும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி?

இன்னொன்று. குழுவில் மூத்தவர் ஒருவர், "ஈசனோட நட்சத்திரத்தைக் குழாய்க்குள்ள வச்சு, இது வெறும் நெருப்பு உருண்டைன்னு காட்டினா வர்றவன் பக்தி என்னாகும்?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

உரைகல்

6 அங்குலம், எஃப் 8, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல் 8 மடங்கு. முதல் கண்ணாடிக்கு வேறு அளவு யோசிக்காதீர்கள். விட்டம் 150 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ., வளைவு ஆரம் 2400 மி.மீ. இந்த அளவில் கண்ணாடி, ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளைய வடிவம் ஆகாமல் வெறும் கோளமாகவே நின்றுவிட்டாலும் பிழை ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும், படம் கெடாது. ஆசைப்பட்டு எஃப் 5-க்குப் போனால் பரவளையம் வராமல் தப்பிக்க முடியாது. முதல்முறை செய்கிறவர்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

மேசை மேல் போடும் 19 மி.மீ. சாதாக் கண்ணாடி போதும். 150 மி.மீ. வட்டு இரண்டு வெட்டி வாங்குங்கள்: ஒன்று கண்ணாடி, ஒன்று அதைத் தேய்க்கும் கருவி. டஃபன்டு கண்ணாடி மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் மேல்தோல் இறுக்கத்தில் இருக்கும். தேய்க்கத் தேய்க்க இறுக்கம் ஒருபக்கம் குறைந்து வடிவம் கோணும், சில சமயம் நொறுங்கியே போகும். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. மடிக்கணினியில் வெள்ளைத் திரையைப் போட்டு, போலராய்டு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, திரை இருண்டு தெரியும்வரை தலையைச் சாயுங்கள். இப்போது வட்டைத் திரை முன்னால் பிடித்தால், நல்ல கண்ணாடி இருட்டாகவே இருக்கும். வெளுத்த பட்டைகளோ சிலுவை மாதிரி உருவமோ தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தேய்க்கும் முன் இரண்டு வட்டுகளின் விளிம்பையும் சாணைக்கல்லால் 45 டிகிரி சாய்வில் 2 முதல் 3 மி.மீ. மழிக்க வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் விளிம்பு சிப்பி சிப்பியாகப் பெயரும்; பெயர்ந்த துண்டு நடுவில் சிக்கினால் கீறல் நிச்சயம். ஒவ்வொரு பொடி முடியும்போதும் இந்தச் சாய்வு குறைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி மழிக்க வேண்டும்.

தண்ணீர் நிரப்பிய பழைய டிரம் ஒன்று இருந்தால் அதன் மேல் பலகை போட்டுக் கருவி வட்டை மூன்று மரக்கட்டைகளுக்கு நடுவே உட்கார வையுங்கள். டிரம்மைச் சுற்றி நடக்க இடம் வேண்டும். அந்தச் சுற்றுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

பொடி (நம்பர் ஏற ஏற நுண்ணியது): 80 நம்பர் கார்போரண்டம் 400 கிராம், 120 நம்பர் 150 கிராம், 220 நம்பர் 100 கிராம், 400 நம்பர் 60 கிராம். அதற்குப் பிறகு அலுமினியம் ஆக்சைடு 12 மைக்ரானும் 5 மைக்ரானும் ஐம்பது ஐம்பது கிராம். பாலிஷுக்கு சீரியம் ஆக்சைடு 100 கிராம். காய்ந்த பொடியை ஊதவோ உதறவோ கூடாது, நுரையீரலுக்கு ஆகாது.

கருவியின் மேல் அரைத் தேக்கரண்டி 80 நம்பர் பொடி, கொஞ்சம் தண்ணீர். கண்ணாடியை மேலே வைத்து, அதன் நடு கருவியின் நடுவைத் தாண்டும்படி, விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஆறேழு தள்ளுக்கு ஒருமுறை கையில் உள்ள கண்ணாடியைக் கொஞ்சம் திருப்புங்கள், நீங்கள் டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகருங்கள். முதலில் சரளைக்கல்லில் வண்டி போகிற சத்தம் வரும். ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்கிப் புஸ் என்றாகும். பொடி செத்துவிட்டது என்று அர்த்தம், புதுப்பொடி போடுங்கள்.

மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது புடைக்கும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று பொருந்தும் பரப்பு கோளம் ஒன்றுதான், தட்டையைக் கோளத்தின் ஒரு வகை என்று வைத்துக்கொண்டால். அதனால் யாரும் அளந்து செதுக்காமலேயே இரண்டு வட்டும் கோளத்துக்கு வந்து சேர்கின்றன. உங்கள் கை நடுங்கினாலும் பரவாயில்லை, ஒரே மாதிரி நடுங்காமல் இருந்தால் போதும். ஏழு பேர் மாறி மாறித் தேய்ப்பது இந்தக் கட்டத்தில் நல்லதுதான். முடிவில் பரப்பில் நிற்கும் பிழை 70 நானோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். தலைமுடியின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு! எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத கணக்கு இது.

நடுவில் வேண்டிய ஆழம் 1.17 மி.மீ. வட்டின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து, நடுவில் 1.2 மி.மீ. டிரில் பிட்டின் வால்பக்கத்தை நுழைத்துப் பாருங்கள். உரசிக்கொண்டு நுழைந்தால் 80 நம்பர் முடிந்தது. மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ஒத்துப் பார்க்க இன்னொரு வழி: பரப்பை நனைத்து வெயிலை நிழலான சுவரில் திருப்பி விடுங்கள். ஒளிவட்டம் எந்தத் தூரத்தில் மிகச் சிறியதாகிறதோ அது குவியத் தூரம். குவிந்த இடத்தில் கண்ணோ கையோ போகக் கூடாது.

அடுத்த ஒவ்வொரு பொடிக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். முந்தைய பொடியின் குழி ஒன்றுகூட மிச்சமிருக்கக் கூடாது. நகை பார்க்கும் லென்ஸ் வைத்துத் தேடுங்கள். பொடி மாற்றும்போது தாம்பாளம், கட்டைகள், நகக்கண், சட்டைக் கை வரை எல்லாம் கழுவி, கீழே விரித்த செய்தித்தாளைத் தூக்கிப் போடுங்கள். 5 மைக்ரான் தேய்க்கும்போது 80 நம்பர் துகள் ஒன்று உள்ளே வந்தால் போதும், இரண்டு படி பின்னால் போக வேண்டும்.

அரக்குக்கை

பிட்ச் பற்றி நான் சொல்கிறேன்.

சூடு பிரச்சினைதான், ஆனால் தீர்க்கக்கூடிய பிரச்சினை. குளிர்நாட்டுக் கையேடுகள் 20 டிகிரி அறையை நினைத்து எழுதியவை. நம் அறை 30-ஐத் தாண்டும். அதனால் வாங்கும்போதே கடினமான தரம் கேட்டு வாங்குங்கள். 6 அங்குலத்துக்கு 200 கிராம் போதும், சிந்துவதையும் சேர்த்து. மின்சார அடுப்பில் மெதுவாக உருக்கணும். நேரடித் தீ ஆகாது. இளக்கமாக இருந்தால் கொஞ்சம் ரோசின் (பைன் மரப் பிசின்) சேர்த்து உருக்கலாம். இறுகிப்போயிருந்தால் டர்பன்டைன் சில சொட்டு, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு.

பதம் பார்ப்பது நகத்தால்தான். ஆறிய துண்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தி வைத்திருந்தால் மெதுவாகப் பள்ளம் விழ வேண்டும். சட்டென்று தட்டினால் கண்ணாடிபோல் தெறிக்க வேண்டும். தேய்க்கப்போகிற அறையில், தேய்க்கப்போகிற நேரத்தில் இதைப் பாருங்கள். ராத்திரி பார்த்த பதம் மத்தியானத்துக்கு ஆகாது. விடிகாலை 4 முதல் 8 மணிக்குள் பாலிஷ் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும். பஜனைக் குழுவுக்கு அந்த நேரத்தில் எழுவதைச் சொல்லித்தரவா வேண்டும்!

கருவி வட்டின் மேல் 6 மி.மீ. தடிமனுக்கு ஊற்றி, இளஞ்சூடாக இருக்கும்போதே சோப்புத்தண்ணீர் தடவிய கண்ணாடியை வைத்து அழுத்துங்கள். பிறகு 20 முதல் 25 மி.மீ. சதுரங்களாக வாய்க்கால் வெட்டுங்கள். வட்டின் நடுப்புள்ளி ஒரு சதுரத்தின் நடுவிலும் விழக் கூடாது, இரண்டு வாய்க்கால் வெட்டும் மூலையிலும் விழக் கூடாது. விழுந்தால் கண்ணாடியில் வளையம் வளையமாக மேடுபள்ளம் பதியும். வாய்க்கால் மூடிக்கொண்டே வந்தால் பிட்ச் இளக்கம் என்று அர்த்தம். கடைசியாக ஒரு துண்டுக் கொசுவலையைப் பிட்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து அழுத்தி எடுங்கள். சிறு சிறு கட்டங்கள் விழும், சீரியம் அதில் தங்கும்.

6 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். இந்தக் கட்டத்தில் மட்டும் ஏழு கை வேண்டாம், இரண்டு பேர் போதும். அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். பிட்ச் அதை மறக்காது.

சன்மைக்கா

குழாயைத் தாங்கும் பெட்டி வேலைக்குத் தச்சர் இருக்கிறார் என்பதால் சுருக்கமாக.

குழாய்க்கு 200 மி.மீ. விவசாய பி.வி.சி. பைப், மெல்லிய தரம், நீளம் 1250 மி.மீ. உள்ளே கரும்பலகைப் பெயின்டில் மரத்தூள் கலந்து அடியுங்கள், பளபளப்பு போகும். குறுக்குக் கண்ணாடியின் (ஒளியைப் பக்கவாட்டில் கண்லென்ஸுக்குத் திருப்பும் சிறு கண்ணாடி) சிறிய அச்சு 32 மி.மீ. பெட்டி 18 மி.மீ. பிளைவுட். சுழலும் அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் சொரசொர சன்மைக்கா. தரைப்பலகையில் மூன்று டெஃப்லான் துண்டுகள், மூன்றும் கால்களுக்கு நேர் மேலே. கால் ஒரு பக்கமும் டெஃப்லான் ஒரு பக்கமும் இருந்தால் பலகை நெளிந்து ஆடும். பளபள சன்மைக்கா வாங்காதீர்கள்: அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும், தள்ளினால் துள்ளும். ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும், விரலை எடுத்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

ஒரு சந்தேகம். இத்தனை பாடுபட்டுத் தேய்ப்பதற்குப் பதில் தேய்த்த கண்ணாடியே வாங்கிக்கொள்ளலாமே? செலவும் பெரிதாக வித்தியாசப்படாது.

மிருகசீரிடம்

சன்மைக்கா சார், செலவுக்காக யாரும் கண்ணாடி தேய்ப்பதில்லை. நீங்கள் சொன்ன அதே பிளைவுட் பெட்டியும் டெஃப்லானும் யார் பெயரில் வழங்குகின்றன என்று பாருங்கள். ஜான் டாப்சன், 1944-இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்தில் சேர்ந்த துறவி. அந்தச் சங்கம் 1900-இல் விவேகானந்தர் தொடங்கியது. வேதாந்தமும் அறிவியலும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் வேலையை மடத்தில் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் காசு இல்லாத துறவி. கப்பல் சன்னலிலிருந்து கழற்றிய தடித்த கண்ணாடியில் 12 அங்குலத்துக்குத் தேய்த்தார். அதில் நிலவைப் பார்த்ததும், இதை எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. தெருவுக்குத் தொலைநோக்கியைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார். மடத்தில் இது பிடிக்காததால் நண்பர்களுக்கு எழுதும் கடிதத்தில் தொலைநோக்கிக்கு 'ஜெரேனியம்' என்று சங்கேதப் பெயர். பாலிஷும் அலுமினியப் பூச்சும் முடிந்துவிட்டால் ஜெரேனியம் பூத்துவிட்டது! 1967-இல் மடத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே நடைபாதை வானியல் குழு தொடங்கியது. 2014-இல் தம் 98-ஆம் வயதில் இறந்தார்.

அமெரிக்காவில் கண்ணாடி தேய்ப்பவர்களின் தாய்வீடு என்று வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டெல்லஃபேன் குன்றைச் சொல்வார்கள். 1920-களில் கட்டிய அந்தக் கூடத்தின் நெற்றியில் விவிலியத்தின் 19-ஆம் சங்கீதத்தின் முதல் வரியை, 'வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது' என்பதை, பொறித்திருக்கிறார்கள். உங்கள் பெரியவரின் கவலை புதிதும் அல்ல, இந்தக் கைத்தொழிலுக்கு அந்நியமும் அல்ல.

அவருக்கு நேர்ப் பதில்: நெருப்பு உருண்டை தெரியவே தெரியாது. திருவாதிரையின் வட்டு வானத்தில் விகலையில் (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) இருபதில் ஒரு பங்கு அளவுதான். உங்கள் 6 அங்குலம் பிரித்துக் காட்டும் எல்லை முக்கால் விகலை. 1920 டிசம்பரில் மவுன்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் தனியாக ஓர் அமைப்பைப் பூட்டித்தான் அந்த வட்டை முதன்முதலாக அளந்தார்கள். சூரியனுக்கு அடுத்து மனிதன் விட்டம் அளந்த முதல் விண்மீனே திருவாதிரைதான். வாசலில் வருகிறவர் பார்க்கப்போவது ஒரு செம்பொன் புள்ளி. குவியத்தைத் துளி விலக்கி வையுங்கள். புள்ளி விரிந்து நிறம் நன்றாகத் தெரியும். உடனே அதே ஓரியன் கூட்டத்தில் உள்ள ரைஜல் விண்மீனுக்குத் திருப்பினால் அது நீலவெண்மை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இப்போது கசப்பான விஷயம். ஆருத்ரா தரிசனத்தன்று வானம் பார்க்க உகந்த இரவே இல்லை. மார்கழியில் சூரியன் தனுசில். பௌர்ணமி நிலவு அதற்கு நேர் எதிரே, மிதுனத்தில், திருவாதிரைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மார்கழியும் திருவாதிரையும் சேர்ந்ததற்குக் காரணமே அந்த எதிர்நிலைதான். கார்த்திகைக்குக் கார்த்திகை, வைகாசிக்கு விசாகம் என்று பெயர் வைத்ததும் அதே கணக்கு. பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள், பஞ்சாங்கம் பார்க்கிறவருக்குப் பிடிக்கும். ஆனால் முழுநிலவு வெளிச்சத்தில் மிருகசீரிடத்துக்குக் கீழே உள்ள ஓரியன் நெபுலா (ஒளிரும் வாயு முகில்) வெளிறிப்போகும். நிலவிலும் நிழல் இல்லாததால் பள்ளங்கள் எடுபடாது, கண்தான் கூசும்.

அதனால் இரண்டு நாள் வையுங்கள். தரிசனத்தன்று விடிகாலை 4 மணிக்குத் திருவாதிரை மேற்கே சாய்ந்திருக்கும்; தரிசனம் டிசம்பர் 23-ஐ ஒட்டி வந்தால் ஏறத்தாழ 30 டிகிரி உயரம், ஜனவரியில் வந்தால் இன்னும் தாழ்வு. அதையும் ரைஜலையும் காட்டுங்கள். தை அமாவாசையை ஒட்டி ஒரு முன்னிரவில் நெபுலா, அதன் நடுவே நான்கு விண்மீன்கள், 32 மி.மீ. கண்லென்ஸில் கார்த்திகைக் கூட்டம். சித்திரை, வைகாசி வந்தால் இரவு 9 மணிக்கு வடக்கே அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் கூரையைப் பார்த்துக் கும்பிட்டவர்களுக்கெல்லாம் நிஜ அருந்ததியைக் காட்டலாம். பக்கத்து வசிஷ்டரே 14 விகலை இடைவெளியில் இரண்டாகப் பிரிவார், 25 மி.மீ. கண்லென்ஸின் 48 மடங்கு போதும்.

பஜனைமடத் தெரு

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் பஞ்சாங்கக் கணக்கைக் கேட்டுவிட்டு இப்போது அவரே டிரம்மைச் சுற்றுகிறார்.

இரண்டு சிக்கல். 5 மைக்ரானில் வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பிரிக்க முடியவில்லை. மாணவர்கள் ஏற்கெனவே பாலிஷ் செய்துவைத்த ஒரு பயிற்சி வட்டைக் கத்திமுனைச் சோதனையில் (கண்ணாடி குவிக்கும் விளக்கொளியைக் கத்தி விளிம்பால் மறைத்துப் பரப்பின் வடிவத்தைப் பார்ப்பது) பார்த்தால், நடுப்பகுதி சீராக இருண்டு வருகிறது, விளிம்பை ஒட்டி மட்டும் ஒரு கோடு பளிச்சென்று நிற்கிறது. இது என்ன?

உரைகல்

ஒட்டியது தண்ணீர் வற்றியதால். ஸ்க்ரூடிரைவரோ கத்தியோ வைத்து நெம்பாதீர்கள், விளிம்பு போய்விடும். இரண்டையும் வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். பிறகு கீழ் வட்டை அசையாமல் பிடித்து, மேல் வட்டின் ஓரத்தில் மரக்கட்டை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். வெந்நீர் ஊற்ற நினைக்காதீர்கள், சாதாக் கண்ணாடி விரிசல் விடும். இனி நுண்பொடியில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரே ஈரத்தில் ஓட்ட வேண்டாம்.

விளிம்பில் பளிச்சென்று நிற்பது மடிந்த விளிம்பு. பிட்ச் இளக்கம், தள்ளு நீளம், விரல்கள் ஓரத்தில் அழுத்துவது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் முதலாவது. கடினமான பிட்ச் ஊற்றி, தள்ளை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து, உள்ளங்கையை நடுவில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சோதிக்கும் முன் கண்ணாடியைக் கழுவி ஒரு மணி நேரம் தாங்கியில் நிறுத்திவையுங்கள், மின்விசிறியை அணையுங்கள். கை வெப்பம் ஆறாத கண்ணாடியில் நல்ல விளிம்பும் கெட்டதுபோல் தெரியும்.

கோளம் வந்துவிட்டால் பரவளையத்துக்கு மெதுவாகப் போகலாம். விளக்கு அசையாமல் கத்தி மட்டும் நகரும் அமைப்பில், நடுவுக்கும் விளிம்புக்கும் கத்தி நிற்கும் இடத்தில் வேண்டிய வித்தியாசம் 2.34 மி.மீ. விளக்கும் கத்தியும் சேர்ந்து நகர்ந்தால் அதில் பாதி. எந்த அமைப்பு என்று குழம்பி இரண்டு மடங்கு தோண்டியவர்கள் உண்டு.

அலுமினியப் பூச்சுக்கு அனுப்பும் முன் வெறும் கண்ணாடியைக் குழாயில் மாட்டி நிலவைப் பாருங்கள். 4 சதவீத ஒளிதான் திரும்பும், நிலவுக்கு அது தாராளம். ஏதாவது தவறு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். பூசிய பிறகு தெரிந்தால் பூச்சைக் கரைக்க வேண்டும்.

மிருகசீரிடம்

அன்றைய விடிகாலைக்கு இரண்டு குறிப்பு. மார்கழிப் பனியில் குறுக்குக் கண்ணாடியும் கண்லென்ஸும் வேர்த்துவிடும். குழாயின் வாய்க்கு மேலே 25 செ.மீ. நீளும்படி கறுப்பு யோகா பாயைச் சுருட்டிக் கட்டுங்கள், கண்லென்ஸைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வாசலில் வைத்துவிடுங்கள்.

48 மடங்கில் விண்மீன் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நான்கு நிமிடத்தில் ஓடிவிடும். ஒருவர் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொருவர் பார்த்து முடித்ததும் ஒரு விரலால் தள்ளிவிட வேண்டும். மேற்கே 30 டிகிரிக்குச் சாய்த்தால் கண்லென்ஸ் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்தான் நிற்கும். குழந்தைகள் நின்றபடி பார்க்கலாம், பெரியவர்களுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.